ஜாடை இருக்கிறது, ஆள் இல்லை: ஓர் உருவப்பட ஆர்டர் தோற்ற கதை

பின்னணி

உருவப்படம் வரைந்து கொடுப்பது என் தொழில். ஆர்டர் கொடுப்பவர்களில் பெரும்பாலானோர் நேரில் வந்து உட்காருவதில்லை. புகைப்படம் அனுப்புவார்கள், அதைப் பார்த்து வரைவேன். அப்படி வந்த ஓர் ஆர்டர் முதல் முறை ஏன் தோற்றது, இரண்டாம் முறை என்ன மாற்றினோம் என்பதை இங்கே எழுதுகிறேன். அந்தக் குடும்பத்திடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன்.

ஆர்டர் கொடுத்தவர் ஒரு பெண். தன் அப்பாவை எண்ணெய் வண்ணத்தில் வரைந்து தர வேண்டும் என்றார். 18-க்கு 24 அங்குல கேன்வாஸ், மார்பளவுப் படம். பெரியவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. நாற்பது வருடம் கைக்கடிகாரம் பழுது பார்த்தவர். எங்கள் இருவர் ஊருக்கும் நடுவில் நல்ல தூரம். நான் அங்கே போவதும் அவர் இங்கே வந்து உட்காருவதும் நடக்காத காரியம்.

கைக்கு வந்தவை

ஒரே மாலையில் வாட்ஸ்அப்பில் 41 படங்கள் வந்து இறங்கின. மகளும் அப்பாவும் சேர்ந்து எடுத்த செல்ஃபிகள் 9. குடும்ப நிகழ்ச்சிகளில் ஃபிளாஷ் அடித்து எடுத்த கூட்டப் படங்கள் 17. இவற்றில் அவர் முகம் கட்டைவிரல் நகம் அளவுக்குத்தான் இருந்தது. மாடியில் போர்ட்ரெய்ட் மோடில், பின்னணியை மங்கலாக்கி எடுத்தவை 12. ஸ்டூடியோவில் எடுத்துப் பூசி மெழுகிய பழைய படங்கள் 3.

மகளுக்குப் பிடித்தது ஒரு செல்ஃபி. "இதுல அப்பா சிரிக்கிறது அப்படியே அவர்தான் சார், இதையே வச்சு வரைஞ்சிடுங்க" என்றார். எனக்கும் பிடித்திருந்தது. கண்ணில் உயிர் இருந்தது, சிரிப்பு இயல்பாக இருந்தது. சரி என்று சொல்லிவிட்டேன். பிடித்த படமும் வரைவதற்கு ஏற்ற படமும் வேறு வேறு என்பது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. தெரிந்தும் கேள்வி கேட்காமல் விட்டேன். முன்பணம் கொடுத்தவர் ஆசையாக ஒரு படத்தைக் காட்டும்போது "இது வேண்டாம், வேறு எடுங்கள்" என்று சொல்ல ஒரு தயக்கம் வரும். அந்தத் தயக்கத்துக்கு மூன்று வாரம் விலை கொடுத்தேன்.

செல்ஃபியை முதன்மையாக வைத்துக்கொண்டு, அதில் தெளிவில்லாத இடங்களுக்கு மற்றப் படங்களிலிருந்து எடுத்தேன். தாடையும் கழுத்தும் மாடிப் படத்திலிருந்து, நெற்றிச் சுருக்கங்கள் ஒரு ஃபிளாஷ் படத்திலிருந்து, சட்டைக் காலர் இன்னொன்றிலிருந்து. வேலை ஓடிக்கொண்டிருந்தபோது எதுவும் உறுத்தவில்லை. ஒவ்வோர் அங்குலமும் அதனதன் புகைப்படத்தோடு ஒத்துப்போனது.

"இவருக்கு ஒரு அண்ணன் இருந்தா"

முடித்ததும் வீடியோ காலில் காட்டினேன். குடும்பம் மொத்தமும் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது. யாரும் பேசவில்லை. மகள் "சூப்பர் சார்" என்றார். அந்தச் சூப்பரில் சுரத்தே இல்லை. கடைசியில் பெரியவரின் மனைவிதான் உள்ளதைச் சொன்னார்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா இது இவர் இல்ல. இவருக்கு ஒரு அண்ணன் இருந்தா இப்படி இருப்பார்."

உருவப்படம் வரைகிறவனுக்கு இதைவிடக் கஷ்டமான புகார் கிடையாது. மூக்கு பெரிது என்றால் குறைக்கலாம், நிறம் கறுப்பு என்றால் வெளுக்கலாம். ஜாடை இருக்கிறது, ஆள் இல்லை என்றால் தூரிகையை எங்கே கொண்டுபோய் வைப்பது?

இதில் ஒரு வேடிக்கையும் நடந்தது. பெரியவருக்கு மட்டும் படம் பிடித்திருந்தது. "எனக்கு என்னமோ நான் மாதிரிதான் தெரியுது" என்றார். என் மனம் நோகக்கூடாது என்று சொல்கிறார் என எடுத்துக்கொண்டேன். அந்த வாக்கியம் எவ்வளவு பெரிய துப்பு என்பது நான்கு நாள் கழித்துத்தான் உறைத்தது.

சட்டைப் பை சொன்னது

கேன்வாஸைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு 41 படங்களையும் மறுபடி திறந்தேன். இந்தத் தடவை முகத்தை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் பார்த்தேன். முதலில் கண்ணில் பட்டது சட்டைப் பை. ஆண்கள் சட்டையில் பை, போட்டிருப்பவரின் இடது மார்பில் இருக்கும். எதிரே நின்று பார்ப்பவருக்கு அது வலப்பக்கம். கூட்டப் படங்கள் எல்லாவற்றிலும் அப்படித்தான் இருந்தது. செல்ஃபிகள் ஒன்பதிலும் பை எனக்கு இடப்பக்கம் இருந்தது.

முன்பக்கக் கேமரா, எடுக்கும் நேரத்தில், திரையில் நம்மைக் கண்ணாடியில் தெரிவதுபோல் காட்டும். சில போன்கள் படத்தை நேராகத் திருப்பிச் சேமிக்கும். சில அந்தக் கண்ணாடிப் பிம்பத்தையே சேமிக்கும். பலவற்றில் இதை அமைப்பில் மாற்றிக்கொள்ளலாம். மகளின் போனில் கண்ணாடிப் பிம்பமே சேமிக்கப்பட்டிருந்தது. அதாவது நான் வரைந்திருந்தது இடம் வலமாக மாறிய முகம்.

எந்த முகமும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்காது. பலருக்கு அந்த வேறுபாடு மெல்லியது, மாறிப்போனாலும் லேசான உறுத்தலோடு போய்விடும். இவருக்கு அப்படி இல்லை. மகளிடம் கேட்டபோது சொன்னார்: "அப்பா பூதக்கண்ணாடியை வலது கண்ணுலதான் இடுக்கிக்குவார் சார். இப்போ வேலை செய்யலேன்னாலும் அந்தக் கண்ணு கொஞ்சம் சுருங்கியேதான் இருக்கும்." நாற்பது வருடப் பழக்கம் அந்த முகத்தில் தங்கிவிட்டிருந்தது. வலப் புருவம் ஒரு நூல் இறங்கியிருந்தது, கீழிமையில் கூடுதலாக இரண்டு மடிப்பு. வீட்டில் இருப்பவர்கள் அவரை அடையாளம் காண்பதே அந்தக் கண்ணால்தான். நான் அதை இடது கண்ணுக்கு மாற்றிவிட்டேன். போதாததற்கு, நெற்றியைத் திரும்பாத ஃபிளாஷ் படத்திலிருந்து எடுத்திருந்தேன். ஆக, நெற்றி ஒரு பக்கம் சாய, கண்கள் மறுபக்கம் சாய்ந்தன.

பெரியவருக்கு ஏன் பிடித்தது என்பதும் இதோடு விளங்கிவிட்டது. அவர் தன் முகத்தைப் பார்ப்பது கண்ணாடியில். அவருக்குத் தெரிந்த ஆளைத்தான் நான் வரைந்திருந்தேன். 1977-இல் அமெரிக்க உளவியலாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு இதையேதான் காட்டியது. ஒருவரின் நேர்ப் படத்தையும் கண்ணாடிப் படத்தையும் பக்கத்தில் வைத்துக் கேட்டால், அவர் தன் கண்ணாடிப் படத்தையும், அவருக்கு நெருங்கியவர் நேர்ப் படத்தையும் விரும்பும் போக்கு அதில் தெரிந்தது. உருவப்படத்தை மாட்டி வைத்துப் பார்க்கப்போவது பெரும்பாலும் மற்றவர்கள்தான் என்பதால், வரைகிறவன் யார் பக்கம் நிற்க வேண்டும் என்பதில் எனக்கு இப்போது குழப்பம் இல்லை.

மூக்கு, காது, ஒரு சின்னக் கணக்கு

திருப்பிப்போட்டுப் பார்த்தேன். கண் சரியானது. ஆனாலும் அண்ணன் முழுசாகப் போகவில்லை. மூக்கு முகத்தை முந்திக்கொண்டு நின்றது. காதுகள் கன்னத்துக்குப் பின்னால் பதுங்கின.

இதற்குக் காரணம் லென்ஸ் என்றுதான் பலர் சொல்வார்கள். உண்மையில் காரணம் தூரம். மூக்கின் நுனிக்கும் காதுக்கும் இடையே முன்பின்னாக ஏறத்தாழ 12 செ.மீ. இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கையை நீட்டி எடுக்கும் செல்ஃபியில் கேமராவுக்கும் மூக்குக்கும் 45 செ.மீ. என்றால் காது 57 செ.மீ. தள்ளி இருக்கும். 57-ஐ 45-ஆல் வகுத்தால் 1.27. காதின் அளவோடு ஒப்பிட்டால் மூக்கு 27 சதவீதம் பெருத்துத் தெரியும். இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் 212-ஐ 200-ஆல் வகுக்க வேண்டும்: வெறும் 6 சதவீதம். 2018-இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் மருத்துவப் பள்ளியைச் சேர்ந்தவர்கள் பங்கேற்ற ஓர் ஆய்வும் இப்படி ஒரு கணக்கைப் போட்டது. 12 அங்குலத்திலிருந்து எடுத்தால், 5 அடியிலிருந்து எடுத்ததைவிட மூக்கின் அடிப்பகுதி ஏறத்தாழ 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்பது அதன் முடிவு.

இன்னொன்று, செல்ஃபி எடுக்கும்போது மகள் போனை உயர்த்திப் பிடித்திருக்கிறார். அதனால் கேமராவுக்குப் பக்கத்தில் வந்த நெற்றி விரிந்து, மோவாய் சிறுத்துவிட்டது. மாடிப் படத்திலிருந்து நான் எடுத்த தாடையோ கண்மட்டத்திலிருந்து எடுத்தது. மேலிருந்து பார்த்த நெற்றிக்குக் கீழே நேரிலிருந்து பார்த்த தாடையை ஒட்டியிருந்தேன். ஆள் எப்படி வருவார்?

வழவழப்பும் ஒட்டுவேலையும்

மாடிப் படங்களில் வேறு கோளாறு. போன் தானாகவே தோலை வழவழப்பாக்கியிருந்தது. நிழல்களை ஏற்றி, வெளிச்சத்தை இறக்கி, முகத்தைச் சமதளமாக்கியிருந்தது. பார்க்கப் பளிச்சென்று இருக்கும்; வரைய உட்கார்ந்தால் கன்ன எலும்பு எங்கே திரும்புகிறது என்று சொல்ல அதில் ஒன்றும் இருக்காது. நிழல்தான் முகத்தின் மேடுபள்ளத்தைச் சொல்கிறது. போர்ட்ரெய்ட் மோடின் மங்கல், கணக்குப் போட்டு ஒட்டிய மங்கல். காது மடலின் ஓரத்தையும் நரைமுடியின் நுனிகளையும் அது கடித்துத் தின்றிருந்தது. கூட்டப் படங்களில் ஃபிளாஷ் முகத்துக்கு நேரே அடித்ததால் அங்கே நிழலே இல்லை.

ஸ்டூடியோ படங்களை நான் தொடாததற்குக் காரணம் அந்த மெழுகுப் பூச்சுதான்.

இவை எல்லாவற்றையும்விட என்னை உறுத்தியது ஒட்டுவேலை. கண்ணுக்கு வெளிச்சம் வலப்பக்கத்திலிருந்து, தாடைக்கு மேலிருந்து, நெற்றிக்கு நேரே எதிரிலிருந்து. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் சரி. சேர்த்துப் பார்த்தால் முகமூடி.

இந்தச் சிக்கல் புகைப்படத்தின் வயதையே கொண்டது. 1843-இல் ஸ்காட்லாந்துத் திருச்சபையிலிருந்து நூற்றுக்கணக்கான போதகர்கள் பிரிந்து போனார்கள். அந்தக் காட்சியை ஒரே ஓவியமாக வரைய டேவிட் ஆக்டேவியஸ் ஹில் என்ற ஓவியர் முடிவு செய்தார். 400-க்கும் மேற்பட்ட முகங்கள். ஆளாளுக்கு உட்காரவைத்து வரைய முடியாது என்று, ராபர்ட் ஆடம்ஸன் என்ற இளைஞரோடு சேர்ந்து அவர்களைப் புகைப்படம் எடுத்தார். ஓவியம் முடிந்தது 1866-இல். ஆடம்ஸன் அதற்கு 18 வருடம் முன்பே இறந்துவிட்டார். அந்த ஓவியத்தில் தலைகள் வரிசையாக ஒட்டிவைத்ததுபோல் நெருக்கியடித்து நிற்கும். இன்று மக்கள் வியந்து பார்ப்பது அதற்காக எடுத்த புகைப்படங்களைத்தான். ஒரு முகத்துக்குள்ளேயே நான் செய்ததை அவர் ஒரு கூட்டத்துக்குச் செய்தார் என்று நினைத்து ஆறுதல்பட்டுக்கொண்டேன்.

அப்புறம், வாட்ஸ்அப். அங்கே சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கித்தான் வந்து சேரும். எந்த லென்ஸில், எப்போது, எப்படி எடுத்தது என்று கோப்புக்குள் இருக்கும் குறிப்புகளும் கழன்றுவிடும். அவை இருந்திருந்தால் முன்பக்கக் கேமராவில் எடுத்த படம் என்பது முதல் நாளே தெரிந்திருக்கும்.

இரண்டாம் சுற்று: ஒரு ஜன்னல், ஒரு நாற்காலி

மகளிடம் நேராகவே சொன்னேன்: "தப்பு என் பேர்லதான்மா. திரும்ப வரையறேன், அதுக்குத் தனியா பணம் வேண்டாம். ஆனா இந்தத் தடவை படம் நான் சொல்றபடி எடுக்கணும்." அவருடைய மகன், கல்லூரிப் பையன், எடுக்க ஒப்புக்கொண்டான். நான் இன்னொரு போனில் வீடியோ காலில் இருந்தேன். ஒரே நாளில் முடியவில்லை. மூன்று காலைகள் ஆயின.

முதல் காலை முழுவதும் வெளிச்சத்தில் போனது. ஜன்னல் பக்கம் உட்காரச் சொன்னேன். தாத்தாவை ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காரவைத்துவிட்டான். முகம் கரிக்கட்டை. சரி, ஜன்னலைப் பார்த்து உட்காரட்டும் என்றேன். இப்போது ஃபிளாஷ் படம் மாதிரியே நிழல் இல்லாமல் போனது. பிறகு நாற்காலியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினோம். ஜன்னல் அவருக்கு ஒரு பக்கவாட்டில், சற்று முன்னால் வரும்படி, அதாவது மூக்கு நேருக்கும் தோள் நேருக்கும் நடுவில். மூக்கின் நிழல் கன்னத்தில் சாய்ந்து விழுந்ததும், மறுபக்கக் கண்ணுக்குக் கீழே சின்ன முக்கோணமாய் வெளிச்சம் நின்றது. புகைப்படக்காரர்கள் இதற்கு ரெம்பிராண்ட் என்ற பழைய டச்சு ஓவியரின் பெயரை வைத்திருக்கிறார்கள். எந்தப் பக்கம் வெளிச்சம் விழ வேண்டும் என்பதில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன்: அந்த வலது கண் வெளிச்சத்தில் இருக்க வேண்டும். அந்த மடிப்புகளுக்காகத்தானே இவ்வளவும்.

ஜன்னலுக்கு மிக அருகில் உட்கார்ந்தபோது வெளிச்சப் பக்கக் கன்னம் வெளுத்தது, மறுபக்கம் இருண்டது. ஜன்னலை ஒட்டிய இடத்தில் ஓரடி நகர்ந்தாலே வெளிச்சம் சட்டென்று குறையும், அதனால்தான். ஒன்றரை மீட்டர் உள்ளே தள்ளிப்போட்டதும் சமமானது. வெயில் நேரே விழுந்த நேரத்தில் மெல்லிய வெள்ளைத் திரையை இழுத்துவிட்டார்கள்.

அன்றைக்கு எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோது நிழல் பக்கத் தாடை பச்சையாக இருந்தது. எனக்குக் கொஞ்ச நேரம் புரியவில்லை. அறைச் சுவர் பச்சை. வெளிச்சம் சுவரில் பட்டு, பச்சையை அள்ளிக்கொண்டு வந்து முகத்தில் கொட்டியிருக்கிறது. மறுநாள் அந்தச் சுவரில் வெள்ளைப் போர்வையைத் தொங்கவிட்டோம். பச்சையும் போனது, நிழலுக்குள் கொஞ்சம் விவரமும் வந்தது. போர்வையை நாற்காலிக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால் நிழலே கரைந்துவிடும் என்பதால் தள்ளியே வைத்தோம். மேலே எரிந்த பல்பையும் அணைக்கச் சொன்னேன். வெளிச்சத்தின் நிறத்தை அளக்கும் கெல்வின் கணக்கில் மஞ்சள் பல்பு 2,700 அளவில் இருக்கும், பகல் வெளிச்சம் 5,500-க்கு மேல். இரண்டும் ஒரே முகத்தில் விழுந்தால் பாதி முகம் ஆரஞ்சு, பாதி நீலம் என்று ஆகும். எது தோலின் நிறம் என்று யாரும் சொல்ல முடியாது.

தூரமும் பிக்ஸலும்

இரண்டாம் நாள் தூரம். இரண்டு மீட்டர் தள்ளி நில் என்றேன். நின்றான், முகம் குட்டியாக வந்தது. இங்கே ஒரு இழுபறி இருக்கிறது. போனின் சாதாரண லென்ஸ் அகலமாகப் பார்ப்பது. பழைய ஃபிலிம் கேமரா கணக்கில் அதன் குவியத் தூரம் ஏறத்தாழ 26 மி.மீ. அதில் 4,000-க்கு 3,000 பிக்ஸல் படம் எடுத்தால், இரண்டு மீட்டரில் நிற்கும் ஒருவரின் தலை, மோவாயிலிருந்து உச்சிவரை, சுமார் 330 பிக்ஸல்தான் வரும். இமையின் ஓரத்தை வரைய அது போதாது. பக்கத்தில் போனால் பிக்ஸல் கிடைக்கும், மூக்கு பெருக்கும். மூன்று மடங்கு பெரிதாக்கும் தனி லென்ஸ் இருந்தால் அதே தூரத்தில் ஏறத்தாழ 1,000 பிக்ஸல் கிடைத்துவிடும். எனக்கு அது தாராளம்.

பையன் போனில் அந்த லென்ஸ் இருந்தது. ஆனாலும் முதல் படங்கள் சேறு மாதிரி வந்தன. வெளிச்சம் குறைந்தால் சில போன்கள் நமக்குச் சொல்லாமலேயே சாதாரண லென்ஸுக்குத் தாவி, அதன் படத்தை வெட்டிப் பெரிதாக்கிக் கொடுக்கும். கண்டுபிடிக்க எளிய வழி: ஜூமை 3-இல் வைத்துவிட்டு ஒவ்வொரு லென்ஸாக விரலால் மூட வேண்டும். எதை மூடினால் திரை இருள்கிறதோ அதுதான் வேலை செய்கிறது. பையன் மூடிப் பார்த்துவிட்டு, "ஏமாத்துது சார்" என்றான். ஜன்னல் திரையை விலக்கி வெளிச்சத்தைக் கூட்டியதும் ஒழுங்காக மாறியது.

தனி லென்ஸ் இல்லாத போனாக இருந்தால்? ஒன்றரை மீட்டருக்கு நெருங்கி, 1.08 என்ற மூக்கு-காது விகிதத்தைச் சகித்துக்கொள்வேன். ஒரு மீட்டருக்குள் மட்டும் வர விடமாட்டேன்.

கேமரா அவர் கண்மட்டத்தில் இருக்க வேண்டும் என்பதால் பையன் இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கையை அதன் முதுகில் ஊன்றிக்கொண்டான். நின்று எடுத்தால் நெற்றி மறுபடி விரியும். போர்ட்ரெய்ட் மோடு, அழகுபடுத்தும் வசதி, ஃபிளாஷ் மூன்றையும் அணைத்தாயிற்று. வெளிச்சப் பக்கக் கன்னத்தைத் திரையில் அழுத்திப் பிடித்தால் வெளிச்ச அளவு அங்கேயே பூட்டிக்கொள்ளும்; பிறகு கொஞ்சம் கீழே இழுத்துக் குறைத்து ஒன்று, கூட்டி ஒன்று, அப்படியே ஒன்று என்று ஒரே நிலையில் மூன்று எடுக்கச் சொன்னேன். நம் கண் நிழலுக்குள்ளும் வெளிச்சத்திலும் ஒரே நேரத்தில் பார்க்கும். கேமரா இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்கும். கூட்டி எடுத்ததில் நிழலையும், குறைத்து எடுத்ததில் நெற்றிப் பளபளப்பையும் படித்துக்கொள்வேன். தலை அசையாமல் எடுத்தவை என்பதால் இது முதல் சுற்றில் செய்த ஒட்டுவேலை ஆகாது. ஒரு படத்தில் மட்டும் வெள்ளைத் தாளை மோவாய்க்குப் பக்கத்தில் பிடிக்கச் சொன்னேன். தாள் வெள்ளையாகத் தெரியும்வரை நிறத்தைத் திருத்தினால் தோலும் ஏறத்தாழ சரியாகிவிடும்.

மூக்குக்கண்ணாடியோடும், கழற்றியும் எடுத்தோம். கண்ணாடியில் ஜன்னல் பளீரென்று விழுந்ததால், காதுக்கு மேலே அதன் காலைச் சற்றுத் தூக்கி வைத்தோம். பளபளப்பு கீழே இறங்கிவிட்டது.

முகம் வந்த நேரம்

மூன்றாம் நாள் எல்லாம் தயார், முகம்தான் இல்லை. கேமராவைப் பார்த்ததும் பெரியவர் அடையாள அட்டைக்கு உட்கார்ந்ததுபோல் விறைத்துக்கொள்வார். "சிரிங்க தாத்தா" என்றால் உதடு மட்டும் விரியும், கண் அப்படியே இருக்கும். பல் தெரியச் சிரிக்கும் முகத்தை வரைவதில் எனக்கு எப்போதும் விருப்பம் குறைவு. ஒரு நொடியில் வந்து போகும் சிரிப்பு, புகைப்படத்தில் அழகு. வருடக்கணக்கில் சுவரில் சிரித்துக்கொண்டே இருந்தால் அலுத்துவிடும்.

பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். "ஐயா, உங்ககிட்ட வந்ததிலேயே கஷ்டமான கடிகாரம் எது?" என்றேன். பதில் சொன்னார், ஆனால் என் பக்கம், போன் திரைப் பக்கம், திரும்பிவிட்டார். வெளிச்சம் போயிற்று. பையன்தான் வழி கண்டுபிடித்தான். உள்ளே போய் ஓடாத பழைய கைக்கடிகாரம் ஒன்றை எடுத்துவந்து தாத்தா கையில் கொடுத்துவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தான். அவர் அதைக் காதில் வைத்தார், திருப்பினார், வலது கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்திப் பேரனைப் பார்த்து, "இதுக்கு ஒண்ணுமில்லடா, தூசிதான்" என்றார். பையன் விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தான்.

அன்று மட்டும் 140 படங்கள். அவற்றில் எனக்கு வேண்டியது அந்த "தூசிதான்" சொல்லி முடித்து வாய் மூடும் இடத்தில் வந்த ஒரே படம். மற்றவற்றில் நான்கை எடுத்துக்கொண்டேன்: அதே இருப்பில் கூட்டியும் குறைத்தும் எடுத்த இரண்டு, வெள்ளைத் தாள் வைத்தது, கைகள் மட்டும் ஒன்று. எல்லாம் ஒரே ஜன்னல், ஒரே நாற்காலி, ஒரே மணி நேரம். வாட்ஸ்அப்பிலேயே அனுப்பினார்கள், டாக்குமெண்ட்டாக இணைத்தால் கோப்பு சுருங்காமல் வரும். உள்ளே இருந்த குறிப்புகளைத் திறந்து, சொன்ன லென்ஸில்தான் எடுத்திருக்கிறான் என்று பார்த்துக்கொண்டேன்.

இரண்டாவது கேன்வாஸ்

பழையதைத் திருத்தவில்லை, புதிய கேன்வாஸில் தொடங்கினேன். வேலை முன்னைவிட வேகமாகப் போனது. ஊகிக்க வேண்டிய இடங்கள் குறைந்துவிட்டன. ஓரிடத்தில் மட்டும் புகைப்படத்தை நம்பவில்லை: நிழல் பக்கக் கழுத்து அதில் ஒரே கறுப்பாக இருந்தது. கூட்டி எடுத்த படத்தைப் பார்த்து, அதிலும் கொஞ்சம் ஏற்றி, சூடான பழுப்பு சேர்த்தேன்.

கோட்டோவியம் முடிந்த அன்றே, வண்ணம் தொடுவதற்கு முன்னால், அம்மாவுக்கு மட்டும் அனுப்பிக் கேட்டேன். இதையும் முதல் முறையே செய்திருக்க வேண்டும். "கண்ணு அவரேதான்" என்று பதில் வந்தது. அப்புறம், "காது மட்டும் இன்னும் கொஞ்சம் பெருசு தம்பி, அவருக்கு." அளந்து பார்த்தேன், அம்மா சொன்னது சரி. நான்தான் சின்னதாகப் போட்டிருந்தேன். செல்ஃபியோடு மூன்று வாரம் வாழ்ந்த பழக்கம், கையில் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

இப்போதெல்லாம் ஆர்டர் வந்தால் படம் கேட்பதற்கு முன்னால் மூன்று கேள்வி கேட்கிறேன். யார் பார்ப்பதற்கு இந்தப் படம்? அவர் முகத்தில் உங்களுக்கு முதலில் ஞாபகம் வருவது எது? வீட்டில் பெரிய ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது? இரண்டாவது கேள்விக்குத்தான் எல்லோரும் நேரம் எடுத்துக்கொள்கிறார்கள். பதில் வந்த பிறகு, அது தெரியும்படி எடுக்கச் சொல்கிறேன். இறந்துபோனவரை வரையக் கேட்டு வந்தால் இதில் பாதி உதவாது; இருக்கிற படத்தோடுதான் மல்லுக்கட்ட வேண்டும். ஆனால் அப்போதும் சட்டைப் பையைப் பார்த்துவிடுகிறேன்.

படம் போய்ச் சேர்ந்த இரண்டு வாரத்தில் பெரியவரே அழைத்தார். புதிய படம் நன்றாக இருப்பதாக வீட்டில் எல்லோரும் சொல்வதாகச் சொன்னார். அவர் நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை என்பதை நான் கவனித்தேன்.

"அந்த முதல் படத்தை என்ன பண்ணீங்க தம்பி?"

"இங்கதான் ஐயா இருக்கு. சுவத்துப் பக்கம் திருப்பி வச்சிருக்கேன்."

"அதை எனக்கு அனுப்பிடுங்க. தினமும் காலையில கண்ணாடியில பாக்குற ஆள் அதுதான்." கொஞ்சம் நிறுத்தினார். "மூக்கை மட்டும் சித்தே குறைச்சிடுங்க."

குறைத்து அனுப்பினேன்.